பனிநாட்டு முற்றத்துக் கொதிகலன்

நெருப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அடுப்பங்கரை. நம் நாட்டிலே குளிருக்குப் பெயர்பெற்ற நுவரெலியாவிலுங்கூட, தை மாசி மாதங்களின் சில விடியற்பொழுதுகளில் மட்டுமே புல்நுனியில் உறைபனி படியக் காண்கிறோம். ஒரு கம்பளியும் ஒரு கோப்பைத் தேநீரும் அக்குளிரை வெல்லப் போதுமானவை. ஆனால், கனடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட எல்லையை அடுத்த மினசோட்டா, விஸ்கொன்சின், வெர்மொன்ற் ஆகிய மாநிலங்களிலும் குளிர்காலம் என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே வெப்பநிலை, நீர் உறையும் நிலைக்கும் கீழே 20 பாகை செல்சியஸ் வரையிலும், சில இரவுகளில் 30 பாகை வரையிலும் இறங்கிவிடுகிறது. அத்தகைய இரவொன்றிலே வீட்டைச் சூடாக்கும் நெருப்பு அவிந்துபோனால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களே முதலில் உறையும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு அளவில் கூடுகின்றது. அந்த விரிவைத் தாங்கமாட்டாத குழாய் வெடிக்கின்றது. அதற்கு மேலும் நெருப்பு மூளாதாயின், வீட்டிலுள்ள முதியோர் குழந்தைகளின் உயிருக்கே கேடு நேரும். ஆகவே, நமக்கு அடுப்பைக் காப்பது வயிற்றுக்காக. அவர்களுக்கோ அது உயிருக்காக.

நம்மவர் பலர் இன்று கனடாவிலே குடியேறி வாழ்கின்றனர். அவர்களுள் நகரங்களில் வாழ்வோருக்கு எரிவாயுவும் மின்சாரமும் வெப்பத்தைத் தருகின்றன. நகரத்தைக் கடந்து, காடும் கமமும் நிறைந்த நாட்டுப்புறத்துக்குச் சென்றால், வீட்டிலிருந்து சற்றுத் தூரத்திலே சிறு கொட்டில் போன்ற ஓர் உருவத்தையும், அதன் உச்சியிலே குட்டையான ஒரு புகைபோக்கியையும் சில இடங்களிற் காணலாம். பார்ப்பவர் அதைத் தோட்டக் கருவிகள் வைக்கும் அறையென்றே எண்ணுவர். உண்மையில் அது விறகால் எரியும் ஒரு பெரிய உலை. அதனையே இன்று வெளிமுற்றக் கொதிகலன் என்ற பெயரால் நாம் ஆராயப்போகின்றோம்.

இவ்வுலை தோன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1973ஆம் ஆண்டிலும் 1979ஆம் ஆண்டிலும் உலகில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. எண்ணெயால் வீட்டைச் சூடாக்கிய வடநாட்டுக் குடியானவர்கள், தம் காணியில் வீழ்ந்து கிடக்கும் மரத்தின்பால் மீண்டும் கண்ணோட்டம் செலுத்தினர். ஆனால், வீட்டினுள் விறகடுப்பு வைத்தால் மரத்தூளும் சாம்பலும் புகையும் வீட்டுக்குள்ளேயே சேரும். புகைபோக்கி தீப்பற்றினால் வீடே எரிந்துபோகும். நெருப்பை வெளியே வைத்துவிட்டு வெப்பத்தை மட்டும் உள்ளே கொண்டுவர முடியாதா என்ற எண்ணத்தின் விளைவே இக்கொதிகலன். 1980 முதலான ஆண்டுகளில் இது வடமாநிலங்களிலே பரவத் தொடங்கிற்று.

இதன் அமைப்பு கடினமானதன்று. நடுவிலே உருக்குத் தகட்டால் ஆன தீயறை. அதனைச் சுற்றி நாற்புறமும் நீர் நிற்கும் உறை. சில நூறு லீற்றர் முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லீற்றர் வரை அதில் நீர் கொள்ளும். அதற்கும் வெளியே வெப்பம் கடவாத பஞ்சு போன்ற காப்பு. தீயறையிலே எரியும் விறகு இந்நீரைச் சூடாக்குகின்றது. சூடான நீரை மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு பம்பி, நிலத்தடியிலே புதைத்த காப்பிட்ட குழாய் வழியாக வீட்டுக்குச் செலுத்துகின்றது. அங்கே மோட்டார் வண்டியின் றேடியேற்றரைப் போன்ற ஒரு வெப்பமாற்றி இருக்கின்றது. அதனூடாக விசிறி காற்றைச் செலுத்த, காற்று சூடாகி அறைகளுக்குப் பரவுகின்றது. வெப்பத்தை இழந்த நீர் மற்றொரு குழாய் வழியே மீண்டும் உலைக்கே திரும்புகின்றது. நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் விறகு உலை காற்றைச் சூடாக்க, அக்காற்று தேயிலைக் கொழுந்தை உலர்த்துகிறதல்லவா? நெருப்பு ஓரிடம், பயன் வேறோரிடம் என்ற அதே முறைதான் இங்கும் கையாளப்படுகின்றது. இங்கே வெப்பத்தைச் சுமந்து செல்வது காற்றன்று, நீர், வேறுபாடு அவ்வளவே.

கொதிகலன் என்று பெயர் இருப்பினும், இதிலுள்ள நீர் கொதிக்கக் கூடாது என்பதே முதல் விதி. இவற்றுட் பெரும்பாலானவை மூடிய பாத்திரங்கள் அல்ல. உச்சியிலே ஒரு போக்குக்குழாய் வானத்தை நோக்கித் திறந்தே இருக்கும். ஆதலால் உள்ளே அமுக்கம் ஏறாது. வெடிக்கும் அச்சமும் இல்லை. நீரை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் அளவிலே நிறுத்தி வைப்பதற்கு வெப்பநிறுத்தி என்னும் கருவி உண்டு. நீர் ஆறியவுடன் அது காற்றுக் கதவைத் திறந்து நெருப்பை மூட்டுகின்றது. நீர் வேண்டிய சூட்டை அடைந்ததும் கதவை மூடி நெருப்பை அடக்குகின்றது. திறந்த போக்குக்குழாயை, நீராவி வீணாகிறதென்று எண்ணி, மூடியிட்டு அடைப்பது பெருந்தவறாகும். அவ்வாறு அடைத்த கணத்திலிருந்து தீங்கற்ற பாத்திரம் ஒன்று அபாயமான பாத்திரமாக மாறிவிடுகின்றது.

நீரிலே சேமித்து வைத்த வெப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஆயிரம் லீற்றர் நீர் 80 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஆறும்போது, நம் மின்சாரக் கட்டணச் சீட்டிலே காணும் அலகுகளில் ஏறத்தாழ 23 அலகுகளுக்கு ஒப்பான வெப்பத்தை விடுகின்றது. நெருப்பு அடங்கியபின்னும் சில நேரம் வீடு சூடாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி, இவ்வுலையைப் பேணும் முறையைக் கூறுவோம். இதற்கு நேரும் பிணிகள் பலவாயினும் அவற்றின் வேர்கள் மூன்றே. விறகு, காற்று, நீர் என்பன அவை. இம்மூன்றும் செம்மையாக இருந்தால் உலை பல்லாண்டு உழைக்கும். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் தாமே கெடும்.

முதலில் விறகு. இப்பெரிய உலைக்குள் எதைப் போட்டாலும் எரியும், பச்சை மரமாயினும் எரியும் என்று எண்ணுவோர் உளர். எரிவது உண்மையே; ஆனால், என்ன விலைக்கு எரிகிறது? அன்று வெட்டிய மரத்திலே அதன் நிறையில் அரைப்பங்கு வரை நீராக இருப்பதுண்டு. அவ்வாறாயின் 10 கிலோ பச்சை விறகை உலைக்குள் எறிபவர், 5 கிலோ மரத்தையும் 5 லீற்றர் தண்ணீரையும் எறிகின்றார் என்றே கொள்ளவேண்டும். அந்த ஐந்து லீற்றரையும் ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே வெளியேற்றுவதற்கு மட்டும் மூன்றரை அலகுக்குச் சற்று மேலான வெப்பம் செலவாகின்றது. அதனினும் பெரிய கேடு, அந்த ஆவி தீயறையைக் குளிரச் செய்வதேயாகும். குளிர்ந்த நெருப்பிலே மரத்திலிருந்து எழும் வாயுக்கள் முற்றாக எரியாமற் புகையாகவே போகின்றன. விறகின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு உட்பட்டு இருக்கவேண்டும் என்பது அனுபவமும் ஆராய்ச்சியும் கண்ட முடிபு.

அதற்கு வழி யாது? மரத்தைக் குற்றியாக விடாது பிளந்து வைத்தல் வேண்டும். ஏனெனில் மரத்தின் பட்டை ஈரத்தை எளிதில் விடுவதில்லை. பிளந்த முகம் விடும். அடுக்கை நிலத்தின்மேல் வையாது கட்டைகளின்மேல் உயர்த்தி, மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடவேண்டும். முழுவதையும் படங்கினால் போர்த்துவோர் ஈரத்தைச் சிறைப்படுத்துகின்றனர். இவ்வாறு அடுக்கிய விறகு உலர ஒரு கோடைகாலமேனும் செல்லும். ஓக் போன்ற வயிர மரங்களுக்கு இரண்டு கோடைகளும் வேண்டியிருக்கலாம். ஆகவே, அடுத்த ஆண்டுக் குளிருக்கான விறகை இந்த ஆண்டே பிளப்பவனே அந்நாட்டில் நல்ல இல்லறத்தான். ஈரமானியொன்று வாங்கி வைத்தாற் சோதிப்பது எளிது. ஆனால், குற்றியின் வெளிமுகத்தைச் சோதித்தாற் போதாது. அதனைப் புதிதாகப் பிளந்து உள்முகத்திலே முட்களைக் குத்திப் பார்த்தல் வேண்டும்.

உலைக்குள் இடத்தகாத பொருள்களும் உண்டு. வீட்டுக் குப்பை, பிளாத்திக்கு, நிறப்பூச்சுப் பூசிய பலகை, கறையான் அரியாதிருக்க மருந்தூட்டிய மரம் ஆகியன அவை. சில வகைப் பிளாத்திக்குகள் எரியும்போது தோன்றும் அமிலம் உருக்கையே அரிக்கும். மருந்தூட்டிய பழைய மரங்களுட் சிலவற்றிலே ஆசனிக்கு என்னும் நஞ்சு உண்டு. அது புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அச்சாம்பலைத் தோட்டத்துக்கு இட்டால் மரக்கறியிலும் ஏறும்.

இரண்டாவது காற்று. நெருப்புக்கு ஒட்சிசன் வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், இவ்வுலையிலே காற்று மிகினும் தீங்கு, குறையினும் தீங்கு. வெப்பநிறுத்தி காற்றுக் கதவை மூடியபின், விறகு எரியாது கனன்றுகொண்டு கிடக்கின்றது. அப்போது எழும் புகை, 80 பாகை அளவிலே நிற்கும் தீயறைச் சுவரிலும் குளிர்ந்த புகைபோக்கியிலும் பட்டு, கிரியோசோற்று என்னும் கரிய மரக்கீலாகப் படிகின்றது. புகையின் வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகைக்குக் கீழே இறங்கும்போது இப்படிவு மிகுதியாகும். நெருப்பு எவ்வளவு நேரம் அடங்கிக் கிடக்கின்றதோ அவ்வளவுக்குக் கீல் சேரும். குளிர் குறைந்த இலையுதிர் காலத்திலே தீயறை நிறைய விறகை அடுக்குவோர், நாள் முழுதும் கனலும் புகையையே விளைவிக்கின்றனர். குளிரின் அளவுக்கேற்ப விறகின் அளவைக் குறைத்து, சிறு நெருப்பைச் சுறுசுறுப்பாக எரிய விடுவதே அறிவுடைமை. வீட்டின் தேவைக்கு மிஞ்சிய பெரிய உலையை வாங்குவதும் இக்காரணத்தாலேயே தவறாகின்றது.

மூன்றாவது நீர். உருக்கு உலையை உள்ளிருந்து கொல்லும் பகைவன் துரு. போக்குக்குழாய் திறந்திருப்பதால், காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிலே சிறிது சிறிதாகக் கரைந்து சேர்கின்றது. அதனால் அரிப்பைத் தடுக்கும் மருந்தொன்றை நீரிலே கலந்து வைக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீரைச் சோதித்து, மருந்து குறைந்திருப்பின் நிரப்பவேண்டும். நீர் சற்றே காரத்தன்மையுடன் இருத்தல் நன்று. பெரும்பாலான தயாரிப்பாளர் பீ.எச். பெறுமானம் எட்டுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் நிற்கவேண்டும் என்கின்றனர். கிணற்று நீரிலே சுண்ணாம்பு மிகுந்திருப்பின், நம் வீட்டுக் கேத்தலின் அடியிலே படியும் வெள்ளைக் கட்டியைப் போல, உலையின் சூடான சுவரிலும் அது படியும். அப்படிவு வெப்பத்தை நீருக்குச் செல்லவொட்டாது தடுக்க, உருக்குத் தகடு அவ்விடத்தில் அளவுக்கு மீறிச் சூடாகி நாளடைவில் வெடிப்புறும்.

வீட்டிலிருந்து திரும்பும் நீரின் சூட்டையும் கவனித்தல் வேண்டும். அது 60 பாகைக்கு மிகவும் கீழே இறங்கி உலைக்குள் வந்தால், தீயறைச் சுவர் குளிர்ந்து, புகையிலுள்ள ஈரம் அதன்மேல் வியர்த்து வழியும். அந்த வியர்வையில் அமிலம் உண்டு. சூட்டு நீரைச் சிறிது கலந்து திரும்பும் நீரின் வெப்பநிலையை உயர்த்தும் வால்வு ஒன்றைப் பொருத்துவது இதற்குப் பரிகாரம்.

இனி, குறி கண்டு பிணியறியும் பகுதிக்கு வருவோம். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போல, வீட்டுக்காரர் இரண்டு குழாய்களைத் தொட்டுப் பார்த்தே பெரும்பாலான பழுதுகளை அறியலாம். ஒரு குழாய் வெப்பமாற்றிக்குச் செல்வது. மற்றது அதிலிருந்து திரும்புவது. சூடு கையைச் சுடுமாதலால், தொட்டுணர்வதினும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு வெப்பமானியை நிலையாகக் கட்டிவைப்பது மேல்.

உலை சூடாக இருக்கின்றது, வீடோ குளிர்கின்றது. என்ன காரணம்? இரு குழாய்களும் சூடாக இருந்தால், நீர் ஓடுகிறதென்பதும் வெப்பம் காற்றுக்கு மாறவில்லை என்பதும் தெளிவு. விசிறி நின்றிருக்கலாம், அல்லது வெப்பமாற்றியின் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கலாம். செல்லும் குழாய் சூடாகவும் திரும்பும் குழாய் மிகக் குளிர்ந்தும் இருந்தால், நீர் மெல்ல ஓடுகிறது என்பது பொருள். வடிகட்டியிலே துரு அடைத்திருக்கும். அல்லது குழாயின் உயர்ந்த இடத்திலே காற்று சிறைப்பட்டிருக்கும். இரு குழாய்களுமே குளிர்ந்திருந்தால், ஓட்டமே நின்றுவிட்டது. முதலிற் பம்பிக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். பின்னர் வால்வுகள் திறந்துள்ளனவா என்று பார்க்கவேண்டும். அதன்பின்னரே பம்பியைக் கழற்றவேண்டும். பம்பி எப்போதும் உலையின் அருகே தாழ்ந்த இடத்தில் இருத்தல் நலம். உயரத்தில் வைத்த பம்பியிலே காற்றும் ஆவியும் எளிதிற் சேரும்.

உலையிலிருந்து வெளிப்படும் நீரின் சூட்டையும், அந்நீர் வீட்டுவாயிலை அடையும்போதுள்ள சூட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். இடையிலே ஓரிரு பாகை குறைவது இயல்பு. அதற்கு மேல் பெரிதும் குறைந்தால், வெப்பம் நிலத்துக்குள் வடிகிறது. இதை அறிய அந்நாட்டிலே இயற்கை தரும் ஓர் அடையாளம் உண்டு. முற்றமெங்கும் வெண்பனி மூடிக்கிடக்க, உலைக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் நேர்கோடாகப் பனி உருகிப் புல் தெரிந்தால், குழாயின் காப்புக்குள் நீர் புகுந்துவிட்டது என்று முடிவு செய்யலாம். அவ்வீட்டார் ஒரு குளிர்காலம் முழுதும் மண்ணைச் சூடாக்குவதற்கே விறகு பிளந்திருப்பர்.

மறுபுறம், உலையின் நீர் எல்லை கடந்து சூடேறிக் கொதிப்பதும் உண்டு. காற்றுக் கதவு மூடியும் நெருப்பு அடங்கவில்லை என்றால், எங்கோ காற்றுக் களவாகப் புகுகின்றது. காற்றுக் கதவின் விளிம்பிலே கீலோ சாம்பலோ ஒட்டி அதை முற்றாக மூடவொட்டாது தடுத்திருக்கலாம். அல்லது தீயறைக் கதவின் விளிம்பிலே பதித்துள்ள கயிற்றுத் திரி தேய்ந்திருக்கலாம். உலை ஆறியிருக்கும்போது ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்திலே திரி தளர்ந்துள்ளது. கதவைச் சுற்றிலும் இவ்வாறு சோதித்துப் பழுதுள்ள திரியை மாற்றுவது ஒரு மணிநேர வேலை. அதைச் செய்யாது விடுவோர் குளிர்காலம் முழுவதும் நீரை ஆவியாக இழந்து, புதுநீர் ஊற்றிக்கொண்டே இருப்பர். புதுநீருடன் புதிய ஒட்சிசனும் புதிய சுண்ணாம்பும் உள்ளே போகின்றன.

நீர்மட்டம் அடிக்கடி குறைவது, ஆனால் கொதிப்பதில்லை என்றால், ஒழுக்கு எங்கேயோ உண்டு. தீயறைக்குள் ஈரம் காணப்பட்டவுடன் உலை ஓட்டையாயிற்று என்று கலங்கவேண்டியதில்லை. குளிர்ந்த உலையிலே புதிதாகத் தீ மூட்டும்போது சுவர் வியர்ப்பது இயல்பே. நீர் 65 பாகையைத் தாண்டியபின் அவ்வியர்வை நிற்கும். அதன் பின்னும் ஒரே இடத்திலிருந்து துளித்துளியாக நீர் வடிந்தால், அதுவே உண்மையான ஒழுக்கு. மேலும், நீர் வற்றிச் சூடேறிய உலைக்குள் குளிர்ந்த நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. நெருப்பை அவிய விட்டு, உலை முற்றாக ஆறியபின்னரே நிரப்பவேண்டும். சூடான உருக்கிற் குளிர்நீர் பட்டால் உலோகம் வெடிக்கும். திடீரென எழும் ஆவி அருகில் நிற்பவரைச் சுடும்.

உலைக் கதவைத் திறக்கும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். அடங்கிக் கனன்றுகொண்டிருந்த தீயறைக்குள் எரியாத வாயு நிறைந்திருக்கும். கதவைச் சடுதியாக அகலத் திறந்தால் வெளிக்காற்று உட்புக, அவ்வாயு பற்றி முகத்துக்கு நேரே தீநாக்காகப் பாயும். ஆதலால் விசிறியுள்ள உலையாயின் முதலில் அதனை நிறுத்தி, கதவை ஓர் அங்குலம் மட்டும் திறந்து, சிறிது நேரம் பொறுத்து, கதவின் மறைவிலே நின்றவாறு மெல்லத் திறக்கவேண்டும். வாரி எடுக்கும் சாம்பலை மூடியுள்ள தகர வாளியிலிட்டு, வீட்டுக்கும் விறகடுக்குக்கும் அப்பால் வைத்தல் வேண்டும். சாம்பலுக்குள் மறைந்த தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். குளிர்ந்துவிட்டதென்று எண்ணிக் கடதாசிப் பெட்டியிற் கொட்டிவைத்த சாம்பலால் வீடுகள் எரிந்ததுண்டு.

மின்சாரம் நின்றால் என் செய்வது என்ற வினாவும் எழுகின்றது. 1998ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே கியூபெக், கிழக்கு ஒன்ராறியோ, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய பகுதிகளில் நாட்கணக்காகப் பனிமழை பெய்தது. கம்பிகளிலும் கம்பங்களிலும் பனிக்கட்டி கனத்து அவை முறிந்து வீழ, இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றித் தவித்தன. சில இடங்களில் அத்தவிப்பு வாரக்கணக்கில் நீடித்தது. விறகு எவ்வளவு இருந்தாலும் பம்பி ஓடாவிட்டால் இவ்வுலையின் வெப்பம் வீட்டை அடையாது. ஆகவே, நாட்டுப்புறத்தார் சிறு மின்பிறப்பாக்கி ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது முறை. ஆனால், அதனை வீட்டினுள்ளோ வண்டிக் கொட்டிலிலோ வைத்து ஓட்டுதல் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் காபனோரொட்சைட்டு, நிறமும் மணமும் அற்ற நஞ்சு. அந்தப் பனிமழைக் காலத்திலே குளிருக்குத் தப்பியோருட் சிலர் இந்நஞ்சுக்குப் பலியாயினர் என்பது துயரமான உண்மை.

இதுவரை உலையுடையவரின் நன்மையைப் பேசினோம். அடுத்த வீட்டாரின் நன்மையையும் பேசாதொழிவது நியாயமன்று. இவ்வுலையின் புகைபோக்கி குட்டை. அதன் புகையோ குளிர்ந்தது. குளிர்கால இரவுகளிலே பள்ளத்தாக்குகளில், நிலத்தையொட்டிய காற்றுக் குளிர்ந்தும் மேலேயுள்ள காற்றுச் சூடாகவும் இருப்பதுண்டு. அப்போது புகை மேலெழாது, மூடியிட்ட பானைக்குள் அடைபட்டது போல வீடுகளின் மட்டத்திலேயே தவழும். அப்புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. தொய்வு நோயுள்ள ஒரு குழந்தைக்கு, அயல் வீட்டின் மலிவான வெப்பம் மூச்சுத் திணறலாக வந்து சேர்கின்றது.

இதனாலேயே சட்டம் தலையிட நேர்ந்தது. வெர்மொன்ற் மாநிலம் 1997ஆம் ஆண்டிலேயே இவ்வுலைகளுக்கு விதி வகுத்தது. அயலவர் வீட்டிலிருந்து 200 அடிக்கு உட்பட்ட தூரத்தில் புதிதாக அமைக்கலாகாது. 500 அடிக்குள் அயல்வீடு இருப்பின் புகைபோக்கி, உலை சூடாக்கும் கட்டடத்தின் கூரை முகட்டினும் உயர்ந்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் 2015ஆம் ஆண்டிலே அமெரிக்க மத்திய அரசின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம், புதிதாக விற்கப்படும் உலைகள் வெளிவிடக்கூடிய துகளுக்கு எல்லை விதித்தது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வெல்லை மேலும் இறுக்கப்பட்டது. இவ்விதி ஏற்கெனவே முற்றத்தில் நின்ற பழைய உலைகளைத் தொடவில்லை. ஆகவே, பழைய உலையை வைத்திருப்பவரின் மனச்சான்றே அயலாருக்குக் காவலாக நிற்கவேண்டியுள்ளது. ஒருவரின் வெப்பம் மற்றொருவரின் இருமலாக முடிவது அழகன்று. உலர்ந்த விறகும், உயர்ந்த புகைபோக்கியும், அளவான நெருப்பும் அச்சான்றின் அடையாளங்கள்.

புதிய உலைகளிற் பல, இரண்டு அறைகள் கொண்டவை. மேலறையில் விறகிலிருந்து எழும் வாயுவைக் கீழறைக்கு இழுத்து, அங்கே அதனை மீண்டும் கடுஞ்சூட்டில் எரிக்கின்றன. புகையாகப் போகவேண்டியது வெப்பமாகின்றது. ஆயின், இவை நுட்பமான கருவிகளாதலின் ஈரவிறகைச் சிறிதும் பொறுப்பதில்லை. விறகு மேலறையிலே பாலம்போலச் சிக்கி நின்று, கீழே தணல் இல்லாது போவதும் இவற்றுக்குரிய ஒரு பழுது. நீண்ட கோலினாற் கிளறிவிட்டு, அடுத்தமுறை குற்றிகளைச் சிறிதாகப் பிளந்து நெருக்கமாக அடுக்கினால் அது தீரும்.

இறுதியாக, கோடைகாலப் பராமரிப்பு. குளிர் நீங்கியதும் உலையை மறந்துவிடுவதே பலரின் வழக்கம். ஆனால், உலை பழுதடைவது எரியும் மாதங்களில் மட்டுமன்று, எரியாத மாதங்களிலுமே. தீயறையில் விட்ட சாம்பலும் கீலும் கோடையின் ஈரக்காற்றை உறிஞ்சி உருக்கை மெல்ல மெல்ல அரிக்கும். ஆகவே, கடைசி நெருப்பு அவிந்தவுடன் சாம்பலை முற்றாக வாரி, கீலைச் சுரண்டி, புகைபோக்கியைத் தூரிகையிட்டுத் துடைத்து, மழை புகாதவாறு அதன் வாயை மூடவேண்டும். மூடியதை அடுத்த நெருப்புக்கு முன் எடுக்க மறத்தலாகாது. நீரை வடித்துவிடுதலும் தவறு. வெற்றுச் சுவரிற் காற்றுப் பட்டாற் துரு ஏறும். மருந்து கலந்த நீர் நிறைந்து நிற்பதே உலைக்குப் பாதுகாப்பு.

நேயர்களே, இக்கருவி நம் முற்றங்களுக்கு வரப்போவதில்லை. நமக்கு அதன் தேவையுமில்லை. எனினும் விறகை உலர்த்தி எரித்தல், நெருப்புக்கு அளவான காற்று விடுதல், புகைக்கு உயர்ந்த வழி அமைத்தல் என்ற மூன்றும், மினசோட்டாவின் பெரிய உலைக்கும் நம் குசினியிலுள்ள மூன்று கல் அடுப்புக்கும் பொதுவானவை. மாரிக்கு முன் விறகைத் தாழ்வாரத்தில் அடுக்கும் நம் தாய்மார், இந்த அறிவை எழுதாமலே அறிந்திருக்கின்றனர். ஆனால், அந்த அடுப்பின் புகையையும் அவர்களே நாள்தோறும் உட்கொள்கின்றனர். வடநாட்டார் நெருப்பை முற்றத்துக்கு அனுப்பினர். நாம் நம் புகையை முற்றத்துக்கு அனுப்பவாவது ஒரு புகைபோக்கி கட்டலாமன்றோ?